ரெண்டாம் ஷிப்டுக்கு ஒரு பஸ்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஜெபதுரையால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றுத் தட்டின் முன்னால்கூட ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்தவைத்தே இருப்பார். வாசலில் யாராவது "தொரையண்ணே" என்றால் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து போவார். செட்டியார்பட்டிக்குத் தெற்கே சவேரியார் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் சேர்ந்த வார்டுக்கு அவர் கட்சிச் செயலாளர். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. மீசை அரும்பிய வயதில் கட்டிய கரைவேட்டியை இன்னும் மாற்றவில்லை என்பது போதும்.

மற்ற நாட்களில் அவர் தறிக்காரர். ராஜபாளையம் போகும் வழியிலுள்ள தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி ஓட்டுகிறார். அந்தத் துணி வெளுத்துக் காய்ந்து வந்த பிறகு அதை வெட்டிச் சுருட்டிப் பொட்டலம் போடும் கம்பெனியில் அவர் மனைவி சந்தனமேரிக்கு வேலை. ரெண்டாம் ஷிப்ட். வீட்டுக்கு வரும்போது அவள் புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சுத்தூசி ஒட்டியிருக்கும். ஒரே மகள் செலினா கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் படிக்கிறாள். இந்தத் தேர்தலில் அவளுக்கு முதல் ஓட்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சித்திரை வெயில் கூரை ஓட்டை உருக்கிவிடும்போல் காய்ந்தது. மலைப்பக்கமிருந்து வரும் காற்றும் அனலாகத்தான் வந்தது. மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடி ஜெபதுரை சொன்னார்.

"புதன்கெழம வேட்பாளர் நம்ம தெருவுக்கு வாராரு. மொத ஓட்டுப் போடுற பிள்ளையள முன்னால நிப்பாட்டணும்னு சீனிச்சாமி அண்ணாச்சி சொல்லிட்டாரு. சால்வ நீதாம்மா போடுத."

"நான் இன்னும் முடிவு பண்ணலப்பா."

"என்ன முடிவு?"

"ஓட்டு யாருக்குன்னு."

ஜெபதுரை சிரித்துவிட்டார். "ஏட்டி மேரி, கேட்டியா உன் மக சொல்லுதத? இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? சோறு திங்கதுக்கு முடிவு பண்ணிட்டா திங்க?"

"சோத்துக்கு வெஞ்சனம் என்னன்னு பாத்துட்டுத்தானப்பா திங்கேன்."

சந்தனமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காலேஜில் புது வாக்காளர்களுக்காக ஒரு கூட்டம் நடக்கப்போகிறது என்றும், ஒவ்வொரு கட்சியும் தேர்தல் அறிக்கையில் எதை முதலாவதாகச் சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்று தானும் கூடப் படிக்கும் ஹஃப்ஸாவும் ஒப்பிட்டுப் பேசப்போவதாகவும் செலினா விளக்கினாள்.

"எல்லாக் கட்சியையுமா?" என்றார் ஜெபதுரை. "நம்மளதையும் அவிங்களதையும் ஒண்ணா வச்சு?"

"ஒண்ணா வச்சாத்தானப்பா வித்தியாசம் தெரியும்."

"தெரியாமத்தான் நாங்க இம்புட்டு வருசம் கொடி பிடிச்சமாக்கும்." அவருக்குச் சிரிப்பு போய்விட்டது. வாசலில் கூப்பிட்டார்கள். எழுந்து போனார்.

மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே சந்தனமேரி சொன்னாள். "அதுல எங்க பஸ் இருக்கான்னு பாரு."

ராத்திரி ரெண்டாம் ஷிப்ட் விடும்போது கடைசி டவுன் பஸ் போயிருக்கும். கம்பெனிப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி ரோட்டோரம் வரிசையாக நடந்து வருவார்கள். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் அப்படி நடந்துவந்தபோது விளக்குப் போடாமல் வந்த டிராக்டர் கிருபாபாயை இடித்துவிட்டுப் போனது. சந்தனமேரிக்கு வலதுகைபோல இருந்தவள். தொடை எலும்பில் கம்பி வைத்து வீட்டில் படுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு சில பெண்களை வேலைக்கு விட வீட்டில் மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் இப்போதும் நடக்கிறார்கள்.

மறுநாள் காலேஜ் விட்டதும் செலினா ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஹஃப்ஸா வீட்டுக்குப் போனாள். கீழே ஹஃப்ஸாவின் வாப்பா பீர் முகமதுவின் செருப்புக்கடை. மாடியில் வீடு. மின்விசிறி சுற்றச் சுற்றச் சூடான காற்றுதான் இறங்கியது. ரெண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, செல்போனில் ஒவ்வொரு கட்சியின் அறிக்கையாகப் படித்தார்கள்.

"வீட்டுக்கு வீடு பணம் குடுக்கது எல்லாத்துலயும் இருக்குடி," என்றாள் ஹஃப்ஸா. "தொகைதான் கூடக் கொறய. வேலவாய்ப்பும் எல்லாத்துலயும் இருக்கு. எத்தன லட்சம்ங்கதுதான் வித்தியாசம்."

"அப்பறம் எப்படித்தான் பிரிச்சுப் பாக்க?"

"எது இருக்குன்னு பாக்காத. எது மொதல்ல இருக்குன்னு பாரு. பொறவு, எப்படிச் செய்வோம்னு ஒரு வரியாவது இருக்கான்னு பாரு."

அப்படிப் பார்த்தபோது கொஞ்சம் பிடிபட்டது. ஒரு கட்சி படிப்பைத் தூக்கி முன்னால் வைத்திருந்தது. இன்னொன்றுக்கு விவசாயம்தான் முதல். புதுக்கட்சி லஞ்சத்தில் தொடங்கி லஞ்சத்தில் முடித்தது. விசைத்தறிக்கு மின்சாரச் சலுகையை இரண்டு கட்சிகள் சொல்லியிருந்தன. அது தறி முதலாளிகளுக்கு. பொட்டலம் போடும் பெண்களைப் பற்றி எதிலும் ஒரு எழுத்து இல்லை. அப்பாவின் கட்சி அறிக்கையைச் செலினா திரும்பவும் முதலிலிருந்து தேடினாள். பெண்கள் பாதுகாப்பு என்று ஒரு தலைப்பு இருந்தது. அதில் கேமரா இருந்தது, பஸ் இல்லை.

"எழுத்துல இல்லன்னா ஆளுகிட்டயே கேட்டுருவோம்," என்றாள் செலினா. "எல்லா வேட்பாளர்கிட்டயும் ஒரே கேள்வி. என்ன சொல்லுதாங்கன்னு பாப்போம்."

"ஒங்க அப்பா கட்சிக்காரர்கிட்டயுமா?"

படுத்திருந்த செலினா எழுந்து ஜன்னலண்டை போய் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை சந்தைப்பக்கம் ஒரு வேட்பாளரின் வேன் நின்றபோது கூட்டத்தில் நுழைந்து கேட்டுவிட்டாள். "ஜெயிச்ச மறுநாளே பஸ் ஓடும் தங்கச்சி," என்று மைக்கிலேயே சொன்னார். கைதட்டினார்கள். எந்தக் கம்பெனி, எந்த ரூட் என்று அவர் கேட்கவே இல்லை. புதுக்கட்சிக்காரர் இளவயது. "சூப்பர் கேள்வி, இதுக்குத்தான் மாற்றம் வேணும்னு சொல்லுதோம்" என்று அவளோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். இன்னொருவரைப் பார்க்கவே முடியவில்லை. அவருடைய ஒலிபெருக்கி மட்டும் ஆட்டோவில் வந்து போனது.

மீதி இருந்தவர் அப்பாவின் வேட்பாளர்.

புதன்கிழமை சாயங்காலம் தெருமுழுக்கத் தோரணம். மலைக்கு மேல் மேகம் கூடி, பெய்யாமல் இறுக்கமாக நின்றது. வெடி போட்டார்கள், தெருநாய்கள் கோயில் சுவருக்குப் பின்னால் ஓடின. கட்சியின் பேரூர் செயலாளர் சீனிச்சாமி திறந்த ஜீப்பில் வேட்பாளருக்குப் பக்கத்தில் நின்றார். ஜெபதுரை வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கூட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். ரெண்டாம் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுச் சந்தனமேரி பெண்களைத் திரட்டி முன்வரிசையில் நிறுத்தியிருந்தாள். அன்றைக்கு அவள் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்ததைச் செலினா பார்த்தாள், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

"இந்தப் பிள்ள நம்ம ஜெபதொரை மக. மொத ஓட்டு நமக்குத்தான்," என்றார் சீனிச்சாமி மைக்கில்.

செலினா சால்வையைப் போட்டாள். வேட்பாளர் கும்பிட்டார். ஜீப் நகரப் பார்த்தபோது அவள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஒரு கேள்வி. பேண்டேஜ் கம்பெனியில ரெண்டாம் ஷிப்ட் விடும்போது பஸ் கெடையாது. பொம்பளைய நடந்துதான் வாராங்க. நடந்து வந்த ஒரு அக்காவ டிராக்டர் அடிச்சுப் போட்டுருச்சு. ஒங்க அறிக்கையில இதப் பத்தி ஒண்ணுமில்ல. என்ன செய்வீங்க, எப்பச் செய்வீங்க?"

வேட்பாளர் சீனிச்சாமி பக்கம் திரும்பினார். "அடிபட்டது நம்ம வார்டுலயா? எங்கிட்ட ஏன் இதச் சொல்லல?"

சீனிச்சாமி ஜெபதுரையைப் பார்த்தார். ஜெபதுரை தரையைப் பார்த்தார்.

"வாக்கு குடுக்கதுக்கு எனக்கு இப்ப விவரம் தெரியாதும்மா," என்றார் வேட்பாளர். "அந்த ரூட்டுல பஸ் விட்டா கட்டுபடியாகுமான்னு டிப்போவுல கேக்கணும். தெரியாமச் செய்வேன்னு சொல்ல மாட்டேன். விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்."

கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. பின்னால் யாரோ விசிலடித்தார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் அது வேறு கைகளுக்குப் போய், விளக்குப் போடும் நேரத்துக்கு எதிர்முகாமின் எல்லாக் குழுக்களிலும் ஓடியது. 'சொந்தக் கட்சிக்காரர் மகளே கேட்கிறார்' என்று மேலே எழுத்து வேறு.

அன்று ராத்திரி சீனிச்சாமி ஜெபதுரை வீட்டுக்குத் தனியாகத்தான் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றார். அடுப்படியில் சந்தனமேரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். செலினா அறைக்குள் இருந்தாள்.

"தொரை, என்னய அந்தாளு முன்னால தல குனிஞ்சு நிக்க வச்சிட்டியே."

"சின்னப் பிள்ள அண்ணாச்சி. தெரியாமக் கேட்டுட்டா."

"தெரியாமயா? வீடியோவுல பாத்தேன், வக்கீலு மாதிரில்லா கேக்கா. சரி, அத விடு. அடுத்த வருசம் பேரூராட்சி எலக்சன் வருது. உன் வார்டு பொம்பளையளுக்கு ஒதுக்குனது. தங்கச்சி மேரி பேரச் சொல்லியிருந்தோம்ல."

அடுப்படியில் தோசைக்கல்லில் எண்ணெய் சீறும் சத்தம் நின்றது.

"இனும அந்தப் பேர என்னால மேல கொண்டுபோக முடியாது. யுவராணி கேக்கா. மாமனாரு தறி வச்சிருக்காரு, செலவழிக்க வசதி இருக்கு. அவளுக்குன்னு சொல்லிட்டேன். நீ பூத்துல ஒழுங்கா வேலயப் பாரு."

"அண்ணாச்சி, தோச சாப்ட்டுட்டு..."

"வாரேன்."

அவர் போன பிறகு ஜெபதுரை வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். சட்டையைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார். செலினா அறையிலிருந்து வந்தாள். பயம்தான், இருந்தாலும் அம்மாவின் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னாள்.

"ஒரு வகையில நல்லதுதாம்மா. ஒன்னய நிப்பாட்டிட்டு அப்பாவும் அண்ணாச்சியும்தான காரியத்த ஓட்டியிருப்பாங்க. நீ தப்பிச்ச."

சந்தனமேரி அடுப்பை அணைத்தாள்.

"யாருட்டி தப்பிச்சது?"

"அம்மா..."

"உங்கப்பனுக்காக நான் நிக்கப் போறேன்னா நெனச்ச? அவிய என் கையக் காலப் பிடிச்சு என்னய நிக்க வைக்காகன்னு நெனச்சியோ?" குரல் உயரவில்லை. அதுதான் செலினாவுக்குப் பயமாக இருந்தது. "எனக்கே ஆசதான்ட்டி. கிருபாபாய ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனன்னைக்கே நெனச்சேன். கவுன்சிலர்னு ஒரு பேரு இருந்தா டிப்போவுல போயி நாற்காலி போட்டு உக்காந்து கேக்கலாம். கம்பெனிக்காரன்கிட்ட, ஏம்ப்பா உன் வேன அனுப்புன்னு சொல்லலாம். இப்பப் போனா வாச்மேனே உள்ள விட மாட்டான். உங்கப்பன அரிச்சு அரிச்சுச் சொல்ல வச்சது நான்தான். அதுக்குத்தான் எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து வெயில்ல நிப்பாட்டுனேன். அதுக்குத்தான் பட்டுக் கட்டுனேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லயேம்மா."

"நீ கேட்டியா? ஊர்ல உள்ள கட்சிக்காரன் எல்லார்கிட்டயும் கேட்ட. வீட்டுக்குள்ள இருக்கவகிட்டக் கேக்கலயே."

"பஸ்ஸுக்காகத்தானம்மா கேட்டேன். நீ சொன்னியே, பாருன்னு."

"பாருன்னு சொன்னேன். கேட்டது தப்புன்னு சொல்லல. என் காரியத்த எங்கிட்டக் கேக்காம நடுத்தெருவுல வச்சியே, அதத்தான் சொல்லுதேன்."

கல்லில் கருகிப்போன தோசையை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு அவள் படுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. தட்டு வைக்கும் சத்தம், தண்ணீர்க் குழாய்ச் சத்தம், தெருவில் மாறிமாறி வரும் ஒலிபெருக்கி. ஜெபதுரை பூத் சீட்டுகளைக் கொடுக்கப் போனால் சிலர், "ஒங்க வீட்டு ஓட்டு நமக்குத்தானண்ணே?" என்று கேலி பேசினார்கள். காலேஜ் கூட்டத்தில் ஹஃப்ஸா மட்டும் பேசினாள். செலினா கடைசி வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். ஒரு பையன் எழுந்து, "கடைசியில எந்தக் கட்சி நல்லதுன்னு சொல்லவே இல்லயே" என்று கேட்டபோது, ஹஃப்ஸா, "ஒனக்கு எது முக்கியம்னு நீ சொல்லு, பொறவு நான் சொல்லுதேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். செலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவுக்கு எது முக்கியம் என்று அவளுக்குத் தெரியாமல் போனதே.

சனிக்கிழமை அவள் கிருபாபாயைப் பார்க்கப் போனாள். கட்டிலில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் செலினாவைக் கண்டதும் கீரைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். செத்த நேரம் ரெண்டு பேரும் உருவினார்கள்.

"வீடியோ பாத்தேன்," என்றாள் கிருபாபாய். "என்னயப் பத்தி ஒருத்தி மைக்குக்காரன்கிட்டக் கேட்டாளேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு. உங்கம்மைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனா அவ ஆச வேற."

"நான் என்ன செய்யணும்க்கா?"

"எங்கிட்டக் கேட்டா? அவகிட்டப் போயிக் கேளு."

அன்று மத்தியானம் சந்தனமேரி வேலைக்குக் கிளம்பியபோது செலினாவும் கூடவே நடந்தாள். தார் ரோடு கானல் அடித்தது. கம்பெனி வாசலில் நின்றுகொண்டு செலினா கேட்டாள்.

"இனும என்னம்மா செய்யணும்னு இருக்க?"

சந்தனமேரி மகளுடைய முகத்து வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். "தெரியலட்டி. நெஞ்சு ஒரு நெலயில நிக்க மாட்டேங்கு. நீ வீட்டுக்குப் போ, வெயிலு."

வேட்பாளரிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

ஓட்டுப் போடும் நாளன்று பள்ளிக்கூட வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றது. ஜெபதுரை கட்சியின் ஏஜெண்டாக உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உட்கார முடியாத மனுஷருக்கு அன்று முழுக்க உட்காரும் வேலை. அதிகாரி, "செலினா, தகப்பனார் ஜெபதுரை" என்று சத்தமாக வாசித்தபோது மற்றக் கட்சி ஏஜெண்டுகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். ஜெபதுரை குனிந்து தன் தாளில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டார். செலினா விரலில் மை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். கேட்டவுடன் பஸ் கொடுத்தவரையும், செல்ஃபி எடுத்தவரையும், தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனவரையும் அவள் ராத்திரியெல்லாம் மனசுக்குள் நிறுத்திப் பார்த்திருந்தாள். ஒருவரும் முழுசாக ஒப்பவில்லை. பொத்தானை அழுத்தியபோது நீண்ட சத்தம் ஒன்று வந்தது. யாருக்கு அழுத்தினாள் என்று அவள் இதுவரை ஹஃப்ஸாவிடம்கூடச் சொல்லவில்லை.

சந்தனமேரி ஓட்டுப் போட்டு வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் கம்பெனிப் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாமியானாவுக்குக் கீழே சீனிச்சாமியும் யுவராணியும் உட்கார்ந்திருந்தார்கள். துணி வெட்டும் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி கேட்டாள்.

"என்னக்கா, அடுத்த வருசம் நீ நிக்கலயாமே? யுவராணியாம்ல?"

"அது கட்சி குடுக்கது," என்றாள் சந்தனமேரி.

"அப்ப எங்க பஸ்ஸு?"

சந்தனமேரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சீனிச்சாமி இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற செலினா அம்மாவின் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துப் பிடிக்காமல் நின்றாள்.

"நிக்கேன்," என்றாள் சந்தனமேரி. சொன்னது தனக்கே கேட்டிராததுபோல இன்னும் உரக்கச் சொன்னாள். "நான் நிக்கேன்ட்டி. கட்சி இல்லாட்டாலும் நிக்கேன்."

யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி, "அண்ணன் என்ன சொல்லுவாரு?" என்றாள். சந்தனமேரி வீட்டுக்கு நடந்தாள்.

மெஷினுக்குச் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டு ஜெபதுரை வீட்டுக்கு வரும்போது மலைக்குப் பின்னால் வெளிச்சம் கொஞ்சம் மீதி இருந்தது. செய்தி அவர் வெளியே வருமுன்பே பூத்துக்குள் போயிருக்கும் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும். அவர் கிணற்றடியில் நெடுநேரம் தண்ணீர் ஊற்றிக் குளித்தார். துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சந்தனமேரி சோறு வைத்தாள். பருப்புக் குழம்பும் அப்பளமும்தான். செலினா கதவோரம் நின்றாள்.

அவர் நாலைந்து வாய் தின்ற பிறகுதான் பேசினார்.

"சுயேச்சைன்னா சின்னம் நம்ம இஷ்டத்துக்குக் கெடைக்காது. மூணு எழுதிக் குடுக்கலாம். இருக்கதுல ஒண்ணத் தருவாங்க."

சந்தனமேரியின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. "யாருக்குச் சொல்லுதிய?"

"பொதுவாச் சொல்லுதேன்."

"கட்சில என்ன செய்வாக?"

"நீக்குவாக. வேற என்ன செய்வாக." அவர் அப்பளத்தை நொறுக்கினார். "கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அவள் ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை.

"கேக்கும்போது பெருசாத் தெரியுத சின்னமாப் பாத்துக் கேளு," என்றார் ஜெபதுரை, தட்டைப் பார்த்துக்கொண்டே. "கண்ணு மங்கினவுகளுக்கும் தெரியணும். பொடிசா இருக்க சின்னத்த வாங்கிட்டு எம்புட்டோ பேரு தோத்துப் போயிருக்கான்."